சாமி இல்லை, மணி இல்லை, உண்டியல் இல்லை... ரிட்டிகல காட்டுக்குள் எப்படிப் போவது?

கோயிலுக்குப் போனால் நாம் என்னென்ன செய்வோம்? வாசலில் செருப்பை விடுவோம். தேங்காய், பழம், பூ வாங்குவோம். சந்நிதி முன்னால் நின்று பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்வோம். விபூதி வாங்கி, பிரகாரம் சுற்றி, கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டு, பிரசாதத் தொன்னையோடு ஓரமாகப் போய் உட்காருவோம்.

இலங்கையின் ரிட்டிகல மலைக்குப் போகிறவருக்கு இதில் செருப்பு விஷயம் தவிர எதுவும் உதவாது. அங்கே புத்தர் சிலை கிடையாது. தூபி கிடையாது. அர்ச்சகர் இல்லை, மணி இல்லை, உண்டியலும் இல்லை. அடர்ந்த காட்டுக்குள் ஏறிப்போகும் ஒரு கல் பாதை, பாதை ஓரத்தில் கருங்கல் மேடைகள், மரங்களின் நிழல், பறவைச் சத்தம். அவ்வளவுதான். ஆனாலும் அது ஒரு கோயில்தான். சுமார் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் பௌத்தத் துறவிகள் தியானத்துக்காகவே அமைத்துக்கொண்ட வனப்பள்ளி.

'சாமியே இல்லாத இடத்தில் போய் என்ன பார்ப்பது?' என்று கேட்டபடி பாதி வழியில் திரும்பி வருகிறவர்கள் உண்டு. நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழ மனமில்லாமல் வருகிறவர்களும் உண்டு. போவதற்கு முன்னால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், நீங்கள் இரண்டாவது ரகத்தில் சேர வாய்ப்பு அதிகம்.

இந்த விஷயம் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டும். இரும்பு உருக்கும் ஆலைகளும் ஷிஃப்ட் சங்கும் கன்டெய்னர் லாரிகளுமாக ஓடும் சிப்காட் வாழ்க்கையில், 'நாலு நாள் லீவு கிடைச்சா சத்தமே இல்லாத இடமா போகணும்' என்பது பல குடும்பங்களின் ஆசை. மீனம்பாக்கத்திலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். டிராஃபிக் மோசமான நாளில், கும்மிடிப்பூண்டியிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்!

இன்னொரு காரணமும் உண்டு. கும்மிடிப்பூண்டியில் பெரியதொரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. போருக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த குடும்பங்கள் பக்கத்துத் தெருவில் வாழும் ஊருக்கு, இலங்கை என்பது வெறும் டூர் பேக்கேஜ் இல்லை. அங்கே ஒரு பௌத்தத் தலத்துக்குள் காலெடுத்து வைக்கும் தமிழர் மனதில், மற்ற சுற்றுலாப் பயணிகளுக்கு வராத சில கேள்விகள் வரும். அதையும் பேசத்தான் வேண்டும்.

கந்தல் உடுத்தியவர்களின் மலை

ஹபரணையிலிருந்து மரதன்கடவல போகும் நெடுஞ்சாலையில் சென்று, கிளைச் சாலையில் திரும்பினால் ரிட்டிகல அடிவாரம் வரும். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சமவெளிக்கு நடுவே திடீரென்று எழும்பி நிற்கும் இந்த மலையின் உச்சி, கடல் மட்டத்திலிருந்து 766 மீட்டர் உயரம். சுற்றியிருக்கும் ஊர்கள் வெயிலில் காயும்போது, உச்சியில் மட்டும் மேகம் படுத்திருக்கும். அந்த ஈரத்தால் இங்கே வளரும் செடி கொடிகளே வேறு. 1941-ம் ஆண்டு 1,500 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டைக் கடுமையான இயற்கைக் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். இடிபாடுகள் இருக்கும் பகுதி வரைதான் பயணிகளுக்கு அனுமதி. உச்சிக்குப் போக நினைக்கக் கூடாது.

அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது கீழே விழுந்த ஒரு துண்டுதான் இந்த மலை என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதனால்தான் இத்தனை மூலிகைகளாம். ராமாயணத் தலங்கள் என்று கூட்டிப்போகும் டூர்களில் சில, ரிட்டிகலவையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வது இந்தக் கதையை வைத்துத்தான். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அதைக் கேட்டுவிட்டு 'ஒரு மூலிகையைப் பிடுங்கிப்போவோம்' என்று இறங்கினால் வனத்துறை சும்மா விடாது. ஓர் இலையைக்கூட எடுத்துவரக் கூடாத காடு இது.

இங்கே வாழ்ந்த துறவிகளுக்கு 'பாம்சுகூலிகர்' என்று பெயர். பாலி மொழியில் பாம்சுகூலம் என்றால் குப்பை மேட்டுத் துணி. சுடுகாட்டிலும் குப்பையிலும் கிடந்த கந்தலைப் பொறுக்கி, துவைத்து, தைத்து உடுத்துவதை விரதமாகக் கொண்டவர்கள். தலைநகரான அநுராதபுரத்தில் அப்போது பெரிய பெரிய விகாரைகள் இருந்தன. நிலம், குளம், வருமானம் என்று செல்வம் குவிந்திருந்தது. அதை வேண்டாமென்று விலகிக் காட்டுக்கு வந்தவர்கள் இவர்கள். கி.பி. 833 முதல் 853 வரை ஆண்ட முதலாம் சேனன் என்ற மன்னன், இந்த மலையில் பாம்சுகூலிகருக்கு மடம் அமைத்துக் கொடுத்ததாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. கந்தல் கட்டியவர்களுக்குக் கருங்கல்லில் மடம்! எதையும் கேட்காதவர்களுக்குத்தான் மன்னர்கள் தேடிப்போய்க் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

அடிவாரத்தில் முதலில் வருவது 'பண்டா பொக்குன' என்ற பழைய குளம். பல பக்கங்கள் கொண்ட கட்டு, உள்ளே இறங்கக் கல் படிகள், சுற்றளவு 366 மீட்டர். இன்று மழைக் காலத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மலைக்கு ஏறும் முன் இங்கே குளித்துச் சுத்தமாகித்தான் அந்தக் காலத்தில் மேலே போயிருப்பார்கள் என்று கருதுகிறார்கள். நம் கோயில் தெப்பக்குளத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அங்கிருந்து கல் பாவிய பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம். மரங்களை வெட்டாமல், பாறைகளைப் பெயர்க்காமல், காடு எங்கே இடம்விட்டதோ அங்கே போட்ட பாதை. வழியில் வட்ட வட்டமாக சில இடங்கள் வருகின்றன. பாதை பிரியும் ரவுண்டானா மாதிரி. அவசரமாக ஏறினால் இதெல்லாம் கண்ணில் படாது. ஒருவர் பின் ஒருவராக, பேசாமல் நடக்கத் தோதான பாதை இது. இன்றைக்கும் அப்படி நடப்பதுதான் சரி.

இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரட்டை மேடைகள். சுற்றிலும் வெட்டிய பள்ளத்துக்கு நடுவே இரண்டு உயரமான கல் மேடைகள், இரண்டையும் இணைக்கும் ஒரு கல் பாலம். ஒன்றில் கட்டடம் இருந்திருக்க வேண்டும். இன்னொன்று திறந்தவெளி, அதாவது தியானத்துக்கான இடம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 'பதானகரம்' என்று இதற்குப் பெயர், 'முயற்சி செய்யும் வீடு' என்று பொருள். 1893-ல் எச்.சி.பி. பெல் என்ற ஆங்கிலேயத் தொல்லியல் அதிகாரி இந்தக் காட்டுக்குள் நுழைந்து அளவெடுத்தபோது, செதுக்கல் வேலைப்பாடே இல்லாத இந்த வெறுமைதான் ஆச்சரியமாக இருந்திருக்கும். அநுராதபுரத்தில் படிக்குப் படி, தூணுக்குத் தூண் சிற்பம். இங்கேயோ ஒரு பூ கூடக் கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. இந்த வகை மடங்களில் சிற்ப வேலைப்பாடு இருக்கும் ஒரே பொருள், சிறுநீர் கழிக்கும் கல்! சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். நகரத்து விகாரைகளின் ஆடம்பரத்தைப் பார்த்து, 'உங்கள் அலங்காரத்துக்கு நாங்கள் கொடுக்கும் இடம் இதுதான்' என்று துறவிகள் சொல்லாமல் சொன்ன பதில் இது என்று சில அறிஞர்கள் விளக்குகிறார்கள். அது உண்மையென்றால், இந்த அமைதியான மலையில் வாழ்ந்தவர்களுக்கு நக்கலும் நன்றாகவே வந்திருக்கிறது.

சிலை இல்லாத இடமாயிற்றே என்று அந்த மேடைகள் மேல் ஏறிக் குதிப்பதும், டிபன் பாக்ஸைப் பிரிப்பதும் அங்கே அடிக்கடி நடக்கிற தவறுகள். ஒரு துறவி உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த கல் அது. நம் ஊர் கோயிலின் கருவறை வாசற்படியில் உட்கார்ந்து யாரும் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பதில்லை.

சோழர் படையும் சோழர் காலத்துத் தானமும்

இப்போது அந்தச் சங்கடமான கேள்விக்கு வரலாம். இந்த மடம் ஏன் காலியானது? பத்தாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினோராம் நூற்றாண்டிலும் நடந்த சோழர் படையெடுப்புகளின்போது துறவிகள் இங்கிருந்து விலகிப் போனார்கள் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. கி.பி. 993 வாக்கில் ராஜராஜ சோழனின் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது. தலைநகர் பொலன்னறுவைக்கு மாறியது. அநுராதபுரத்தை நம்பியிருந்த காட்டு மடங்களுக்கு அதன்பின் ஆதரவு இல்லாமல் போனது. 'பொன்னியின் செல்வ'னைக் கொண்டாடிவிட்டு ரிட்டிகல ஏறும் தமிழருக்கு, கைடு இந்த வரியைச் சொல்லும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாது.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. அதே ராஜராஜன்தான், 1006 வாக்கில், நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைத் தானமாகக் கொடுத்தவன். ஆனைமங்கலம் செப்பேடுகளில் அது இருக்கிறது. நாகப்பட்டினத்தில் தோண்டி எடுக்கப்பட்ட சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். திருவள்ளூரிலிருந்து ரயில் ஏறினால் சென்ட்ரல், அங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். இலங்கைக்குக் கிளம்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்க் காட்டலாம்.

இலங்கையிலேயே இதைவிட நல்ல சாட்சி இருக்கிறது. ஹபரணையிலிருந்து கிழக்கே திருகோணமலை போகும் வழியில் இறங்கினால், அந்த நகருக்குச் சற்று முன்னால் வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தத் தலம். சோழர் காலத்தில் அதற்கு 'ராஜராஜப் பெரும்பள்ளி' என்றே பெயர். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், தமிழர்கள் அந்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கவும் பசு முதலியவற்றைக் கொடுத்ததையும் பதிவு செய்திருக்கின்றன. படை போன ஊருக்கு, அதே சோழர் காலத்தில், அதே மொழி பேசியவர்கள் விளக்கு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் படிக்கப்போகும் இடத்துக்கு நாம் இன்றும் சொல்லும் 'பள்ளி' என்ற சொல், சமண பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்துக்கு வழங்கிய பெயர்தான். தூத்துக்குடித் தமிழருக்கும் திருவள்ளூர்த் தமிழருக்கும் பௌத்தம் வேற்றூர்ச் சரக்கு கிடையாது. 'மணிமேகலை' எழுதப்பட்டது தமிழில்தானே.

இன்றைய நிலைமை இதைவிடச் சிக்கலானது. 2009-ல் போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் தொல்லியலின் பெயரால் சில இடங்கள் தகராறாகியிருக்கின்றன. முல்லைத்தீவின் குருந்தூர்மலை, வவுனியாவின் வெடுக்குநாறி மலை ஆகிய இரண்டு இடங்களிலும் தமிழர் வழிபாட்டுக்கும் பௌத்த உரிமைகோரலுக்கும் நடுவே வழக்குகளும் கைதுகளும் நடந்துள்ளன. அந்த வலி உண்மையானது. அதை மறந்துவிட்டுத்தான் விகாரைக்குள் போக வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அதே சமயம், அந்தக் கோபத்தை ரிட்டிகல வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஊர்ப் பையனிடம் காட்டுவதிலும் பொருள் இல்லை. முகாமில் வளர்ந்த பிள்ளைகள் யாராவது உங்களோடு பயணம் வந்தால், அவர்கள் உள்ளே வரவில்லை, வாசலிலேயே இருந்துகொள்கிறோம் என்று சொன்னால், வற்புறுத்தாமல் விட்டுவிடுவதும் ஒரு மரியாதைதான்.

துறவி கைகூப்பவில்லையா? கோபம் வேண்டாம்

ரிட்டிகல இன்று இடிபாடு. ஆனால், அந்த வாழ்க்கைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. குருநாகல் மாவட்டத்தில் 'நா உயன' ஆரண்யம், கொழும்பிலிருந்து கிழக்கே மிதிரிகலவில் 1967-ல் தொடங்கிய நிஸ்ஸரண வனம் என்று காட்டுக்குள் குடில் கட்டித் துறவிகள் வாழும் இடங்கள் இலங்கையில் பல உண்டு. சிங்களத்திலும் 'ஆரண்ய' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியோர் இடத்துக்குப் போக நினைத்தால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: அது சுற்றுலாத் தலம் இல்லை. யாரோ ஒருவர் தியானத்தில் இருக்கும் வீடு. முன்கூட்டியே போன் செய்து, எந்த நேரத்தில் வரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். 'வேண்டாம்' என்று பதில் வந்தால், வேண்டாம்தான்.

உடை வெள்ளையாக இருந்தால் நல்லது. இலங்கை பௌத்தர்கள் விகாரைக்கு வெள்ளை உடுத்தித்தான் போவார்கள். நம் ஆண்களுக்கு வேட்டி சட்டை போதும், பெண்களுக்கு வெளிர் நிறப் புடவை அல்லது சுடிதார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். தொப்பியையும் கழற்ற வேண்டும். நம் கோயிலில் தலைப்பாகையை அவிழ்ப்பது போலத்தான். கால் நீட்டி உட்காரும்போது பாதம் புத்தர் சிலையையோ துறவியையோ பார்க்கக் கூடாது. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைவிட உயரமான இடத்தில் உட்காரவும் கூடாது.

நம்மவர்கள் பலருக்கு மனம் சுணங்குவது ஒரு விஷயத்தில். நீங்கள் குனிந்து கும்பிடுவீர்கள். துறவி பதிலுக்குக் கைகூப்ப மாட்டார். லேசாகத் தலையசைப்பார், அல்லது அதுவும் இருக்காது. இது திமிர் இல்லை. தேரவாத மரபில் பிக்கு, இல்லறத்தாரைக் கும்பிடும் வழக்கம் கிடையாது. நீங்கள் கும்பிடுவது அந்த ஆளை இல்லை, அவர் போட்டிருக்கும் காவி உடையை. அவரும் அதைத் தனக்கு வந்த மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை.

துறவியைப் பெண்கள் தொடக் கூடாது. கைகுலுக்க நீட்டுவதோ, பாதத்தைத் தொட்டுக் கும்பிடுவதோ வேண்டாம். தனியாக ஒரு பெண்ணோடு அவர் உட்கார்ந்து பேசவும் விதி இடம் தராது. பேச வேண்டுமானால் வீட்டார் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். குழந்தை ஓடிப்போய் அவர் மடியில் ஏறிவிட்டால் யாரும் பதற வேண்டாம், மெல்லத் தூக்கிக்கொண்டால் போதும்.

பணம்? கையில் கொடுக்கவே கூடாது. காட்டுத் துறவிகள் பணத்தைத் தொடாத விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிறவர்கள். ஐந்நூறு ரூபாய்த் தாளை மடித்துத் தட்டில் வைத்தால், அந்த மனிதருக்கு அது சங்கடம். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் நிர்வாகம் பார்க்கும் இல்லறத்தாரிடம் கேட்கலாம். சாப்பாடு தானம் செய்ய ஆசையா? துறவிகள் நண்பகலுக்குப் பிறகு சாப்பிட மாட்டார்கள். ஒரு மணிக்குப் பொங்கல் பாத்திரத்தோடு போய் நின்றால் பயன் இல்லை. பல ஆரண்யங்களில் எந்த நாள் எந்தக் குடும்பம் சோறு கொண்டுவருவது என்று முன்பே முறை வைத்திருப்பார்கள். மாலையில் தேநீர், பழச்சாறு போன்ற 'கிலன்பச' மட்டும் எடுத்துக்கொள்வார்கள். கொழும்புக் கடைகளில் காவி உடை, திருவோடு, சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி, இடைக்கச்சை எல்லாம் சேர்த்து 'அட்டபிரிகர' என்று பளபளப்பாகக் கட்டி விற்பார்கள். பார்க்க அழகு. ஆனால், ஒரே மாதிரிப் பொட்டலங்கள் மடத்து அலமாரியில் எத்தனை கிடக்கிறதோ! 'எது தேவை?' என்று போனில் கேட்டுவிட்டு, சோப்பு, மெழுகுவத்தி, குடை, மருந்து என்று வாங்கிப்போவது அவர்களுக்கு உதவும்.

தானம் கொடுத்து முடிந்ததும் 'தேங்க்ஸ்' வராது. சுற்றி இருப்பவர்கள் 'சாது, சாது, சாது' என்று மூன்று முறை சொல்வார்கள். 'நன்று' என்று பொருள். நீங்களும் சேர்ந்து சொல்லலாம்.

பௌர்ணமி நாளில் போவதா வேண்டாமா என்று பலர் கேட்பதுண்டு. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் 'போயா' என்ற அரசு விடுமுறை. மதுக்கடை, இறைச்சிக்கடை மூடியிருக்கும். விகாரைகளில் வெள்ளை உடுத்திய கூட்டம். பக்தியைப் பார்க்க நல்ல நாள், தனிமைக்கு ஏற்ற நாள் இல்லை. ஜூலை வாக்கில் தொடங்கி மூன்று மாதம் துறவிகள் ஓரிடத்தில் தங்கும் மழைக்கால விரதம் நடக்கும். அந்த நேரத்தில் சில மடங்கள் வெளியாள் வருகையைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு செல்ஃபியின் விலை

சிலை இருக்கும் இடங்களில் போட்டோ எடுக்கும்போது ஒரு விதியை மறக்கவே கூடாது: புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று போஸ் கொடுக்கக் கூடாது. செல்ஃபி என்றாலே முதுகைக் காட்டுவதுதானே? அதனால் செல்ஃபியே வேண்டாம்.

இது வெறும் சம்பிரதாயம் இல்லை. 2012-ல் மூன்று பிரெஞ்சுப் பயணிகள் புத்தர் சிலையை முத்தமிடுவது போல் படம் எடுத்தார்கள். அதைப் பிரின்ட் போடக் காலியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தபோது, கடைக்காரர் போலீஸில் சொல்லிவிட்டார். நீதிமன்றம் ஆறு மாதம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை விதித்தது. 2014-ல் கையில் தாமரை மேல் அமர்ந்த புத்தரைப் பச்சை குத்தியிருந்த பிரிட்டன் பெண் ஒருவரை விமான நிலையத்திலேயே கைது செய்து நாடு கடத்தினார்கள். அவர் பௌத்தத்தின் மேல் ஈடுபாடு கொண்டவர்தான். விட்டுவிடாமல் வழக்கு போட்டார். 2017-ல் இலங்கை உச்ச நீதிமன்றம், அவரை நடத்திய விதம் தவறு என்று சொல்லி எட்டு லட்சம் இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது சரி. ஆனால், மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலையும் நிலை யாருக்கும் வேண்டாம். புத்தர் படம் போட்ட டி-ஷர்ட்டையும் பையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. பச்சை குத்தியிருந்தால் முழுக்கை சட்டை.

ரிட்டிகலவில் சிலை இல்லாததால் இந்தக் கவலை இல்லை. அங்கே கெடுப்பது போன் சத்தம்தான். யாராவது ஸ்பீக்கரில் ரீல்ஸ் போட்டால் மலை முழுக்கக் கேட்கும். ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு ஏறினால் மந்தியும் இருவாட்சியும் கண்ணில் படும்.

காலை எட்டு, ஒன்பது மணிக்கு ஏறத் தொடங்குவது நல்லது. ஹபரணை வட்டாரச் சாலைகளில் மாலையானால் யானைகள் குறுக்கே வரும். அக்டோபர் முதல் ஜனவரி வரை மழை. கல் பாதை வழுக்கும், அட்டைப்பூச்சி ஏறும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் குளத்தோடு நின்றுகொள்ளலாம், அங்கேயும் நிழல் உண்டு. இந்தியர்கள் இலங்கைக்குப் போக ஆன்லைன் பயண அனுமதி பற்றிய விதிகளும் கட்டணமும் அவ்வப்போது மாறுகின்றன. டிக்கெட் போடும் முன் அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஒரு காடு

இலங்கை இப்போதைக்கு இல்லை என்பவர்களுக்குத் திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. பௌத்தத் தலம் இல்லை, ஆனால் பேசாமல் நடந்து பழக அதைவிட நல்ல பாதை பக்கத்தில் கிடையாது. பூண்டி ஏரிக்கு அப்பால், காப்புக்காட்டுக்குள் இருக்கும் குடியம் குகைகள். உருண்டைக் கற்கள் பதிந்த பிரம்மாண்டமான பாறைக் குடை. 1860-களில் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்த வட்டாரத்தில் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த பிறகு உலகம் இந்தப் பக்கம் திரும்பியது. 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறை குடியத்தில் அகழாய்வு நடத்தியது. பக்கத்திலிருக்கும் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2011-ல் ஆய்வு முடிவு வெளியானது. ரிட்டிகல துறவிகள் நேற்று வந்தவர்கள் என்று சொல்லும் அளவுக்குப் பழைய இடம்!

குகைப் பாறைக்குக் கீழே ஊர்க்காரர்கள் வழிபடும் அம்மன் இருக்கிறாள். அவள் முன்னால் நிற்கும்போதும் அதே நடைமுறைதான். செருப்பைக் கழற்றுவது, குரலைத் தாழ்த்துவது, பாறையில் பெயர் கிறுக்காமல் இருப்பது, கல் ஒன்றைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. தரையில் கிடக்கும் சாதாரணக் கூழாங்கல் என்று நீங்கள் நினைப்பது ஒரு காலத்தில் யாரோ கையில் பிடித்த கோடரியாக இருக்கலாம்.

காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப்போவது நல்லது, வழி குழப்பும். பூண்டியில் 1985-ல் திறந்த தொல்பழங்கால அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் போனால், குகை வேறு மாதிரி தெரியும். காட்டுப் பாதையில் கடை எதுவும் கிடையாது, தண்ணீர் பாட்டிலைப் பூண்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.